சொல்தா பென்சியோனை எந்தத் தலைப்பில் தேடுவது?

சென்ற மாதம் ஒரு காலை நேரம். எதிர்வீட்டு அக்கா கைப்பேசியோடு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அவருக்கு 82 வயது. அவருடைய வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போனபிறகு அதில் ஒரு பங்கு அக்காவுக்குப் பென்சியோனாக வந்துகொண்டிருக்கிறது. அதற்காக, தாம் உயிரோடு இருப்பதாக ஒரு சான்றிதழை அவர் அவ்வப்போது கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். நம்ம ஊரில் பலருக்கும் தெரிந்த சங்கதிதான். அந்தப் படிவம் இருக்கும் இணையப் பக்கத்தை இரண்டு வருடத்துக்கு முன்னால் நான்தான் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன்.

"தம்பி, நீ அனுப்பின லிங்கு எங்கே போச்சுன்னு தெரியலை. பேரன் கூகுள்ல தேடினான். 1,500 ரூபாய் கட்டினா நாங்களே எல்லாம் செஞ்சு தர்றோம்னு ஒருத்தன் போன் நம்பர் போட்டு வெச்சிருக்கான். கட்டிடலாமான்னு கேக்கறான்."

கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் கைப்பேசியில் தேட ஆரம்பித்தேன். காலை வணக்கப் பூக்கள், முருகன் படங்கள், மூட்டுவலிக்கு வெந்தயம், பேத்தியின் நடனம் என்று இரண்டு வருடக் குவியல். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கிடைக்கவில்லை. கடைசியில் உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தேன். அதில் 'சொல்தா பென்சியோன்' என்ற சொல்லுக்கு நேரே பழைய முகவரி ஒன்று அடிக்கப்பட்டு, பக்கத்தில் புது முகவரி எழுதியிருந்தது. இரண்டு நிமிடத்தில் படிவம் வந்துவிட்டது.

அந்த நோட்டு எப்படி என்னிடம் வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே நம் நூலகங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கையும் உண்டு.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் பூசைப் புத்தகம் வைத்திருந்த பையன்கள் அதில் சிவப்பு, பச்சை நாடா தொங்கவிட்டிருப்பார்கள். அதற்கு சிஞ்ஞே என்று பெயர். நாம் புத்தகத்துக்குள் மயிலிறகும் பஸ் டிக்கெட்டும் வைப்போமே, அதுதான். இணையத்தில் ஒரு பக்கத்தை மறுபடி பார்ப்பதற்காகக் குறித்து வைப்பதற்கும் பிரெஞ்சுக்காரர்கள் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகம் தன் நூலகர்கள் தேர்ந்தெடுத்த இணையத் தளங்களின் பட்டியலை 'சிஞ்ஞே' என்ற பெயரிலேயே பல வருடம் வைத்திருந்தது. அதில் துறை வாரியாகத் தலைப்புகள் இருக்கும். தலைப்பைத் தீர்மானிப்பவர் நூலகர். வாசகர் பார்க்கலாம், தொட முடியாது.

இன்னொரு சொல் எத்திக்கேத். மருந்துப் புட்டியில் ஒட்டும் பெயர்ச்சீட்டும் அதுதான், சபை மரியாதையும் அதுதான். இணையத்தில் ஒரு பக்கத்துக்கு நாமே ஒரு சொல்லைச் சீட்டாக ஒட்டிவைப்பதை ஆங்கிலத்தில் டாக் என்றும் தமிழில் குறிச்சொல் என்றும் சொல்கிறார்கள். தலைப்புக்கும் குறிச்சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் கம்ப்யூட்டர் கற்றுத்தரவில்லை. ரெக்கார்டு ரூம் கற்றுத்தந்தது.

நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்த புதிது. எங்கள் ரெக்கார்டு ரூமில் ஒரு பெரியவர் இருந்தார், பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வேலைக்கு வந்தவர். பழைய பைல்களெல்லாம் துணியில் கட்டி, வருடமும் எண்ணும் பொருளும் எழுதி அடுக்கியிருக்கும். பொருள் என்றால் அரசாங்கப் பொருள்: 'பொதுப்பணி – இழப்பீடு – மனுக்கள்' என்கிற மாதிரி. பெரியவர் அதோடு நிற்காமல் ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டுச்சீட்டைச் செருகிவைப்பார். 'புயல் பைல்', 'வாய்க்கால் சண்டை', 'இரண்டு பொண்டாட்டி கேஸ்', 'தொரை கோபித்த பைல்' இப்படி. மேலதிகாரிகள் வந்து கேட்பதும் அப்படித்தானே? "அந்த வாய்க்கால் சண்டை பைல் எங்கேய்யா?" என்பார்கள். எண் யாருக்கு ஞாபகம்?

பெரியவர் ஓய்வு பெற்ற அடுத்த மாதம் ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி அந்தச் சீட்டுகளைப் பார்த்து முகம் சுளித்தார். எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தவன் நான். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாச் சீட்டையும் உருவிக் குப்பைக்கூடையில் போட்டேன். அறை பார்க்க அழகாகத்தான் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு விதவையின் இழப்பீட்டு மனு பற்றி மேலேயிருந்து கேள்வி வந்தது. பைலைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பெரியவர் இருந்திருந்தால் 'புயல் பைல்' என்று நேரே போய் எடுத்திருப்பார். அந்த அம்மாள் அந்த மூன்று வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2003இல் அமெரிக்காவில் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் டெலிஷியஸ் என்ற தளத்தைத் தொடங்கினார். தான் சேர்த்துவைத்த இணைப்புகளுக்குச் சிறு குறிப்புச் சொல் போட்டுவைத்த பழக்கத்திலிருந்து வளர்ந்தது அது. அதில் இரண்டு சங்கதிகள் புதுசு. ஒன்று, ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல் வேண்டுமானாலும் ஒட்டலாம். பைல் ஒரே அலமாரியில்தான் இருக்க முடியும், சீட்டு பத்து இடத்தில் இருக்கலாம். இரண்டாவது, நீங்கள் ஒட்டிய சொல்லை மற்றவர்களும் பார்க்கலாம். 'தோட்டம்' என்ற சொல்லைத் தொட்டால் உலகத்தில் யார் யார் எந்தப் பக்கத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்களோ எல்லாம் வந்து நிற்கும். 2004இல் தாமஸ் வாண்டர் வால் என்பவர் இந்த வழக்கத்துக்கு ஃபோக்ஸானமி என்று பெயர் வைத்தார். ஜனங்களே செய்துகொள்ளும் வகைப்பாடு என்று அர்த்தம் செய்துகொள்ளலாம்.

நூலகர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் 2005இலேயே பென்டாக்ஸ் என்று சொந்தமாக ஒன்றைச் செய்தது. அதில் மாணவர்களும் ஆசிரியர்களும் இணையப் பக்கத்துக்கு மட்டுமல்லாமல் நூலகத்தின் அட்டவணையில் இருக்கும் புத்தகத்துக்கும் கட்டுரைக்கும் தங்கள் சொல்லை ஒட்டலாம். வேறு பல நூலகங்கள் டெலிஷியஸிலேயே கணக்கு வைத்து, வாசகர்களுக்குப் பயன்படும் தளங்களைச் சேர்த்தன. தமிழிலும் அந்தக் காலத்தில் தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் எழுத்துகளைப் பொருள் வாரியாகத் தேடிப் படித்தோமே, ஞாபகம் இருக்கும்.

நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். காரைக்கால் போகிற வழியில் வரும் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தாராம். துண்டுகளைத் திருகாணியால் பூட்டிப் பூட்டி எதை வேண்டுமானாலும் செய்யலாம். புத்தகத்தின் பொருளையும் அப்படி ஏன் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டக்கூடாது என்று யோசித்துத்தான் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். எதைப் பற்றி, எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்று ஒரு பொருளுக்குப் பல முகம் உண்டு என்பது அவர் கணக்கு. குறிச்சொல் அதைவிட எளிய பொருள்தான். அதில் பூட்டும் திருகாணியும் இல்லை, துண்டுகள் மட்டும்தான். அதனால்தான் அது எல்லாருக்கும் கைவந்தது, அதனால்தான் சிக்கலும் வந்தது.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தபோது மாலையில் நான் போகும் ஒரு நூலகத்தில் (எது என்று சொல்லப்போவதில்லை) ஒப்பந்த வேலையில் ஓர் இளம்பெண் சேர்ந்தது. கெட்டிக்காரப் பெண். இருந்த ஒரே கம்ப்யூட்டரில் வாசகர்கள் வந்து கேட்கும் தளங்களையெல்லாம் டெலிஷியஸில் சேர்க்க ஆரம்பித்தது. பரீட்சை முடிவு, வேலைவாய்ப்பு, நில ஆவணம், மதுரைத் திட்டம், ஈழத்து நூலகம் தளம், பிரெஞ்சுக்காரர்களின் கல்லிக்கா, எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் நம்ம ஊர்ப் பழைய எத்தா சிவில் பதிவேடுகள் என்று 400 இணைப்புக்கு மேல் சேர்ந்துவிட்டது.

சேர்த்தது பெரிய காரியமில்லை. அந்தப் பெண் மேசைமேல் ஒரு நீள நோட்டை வைத்து, முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: 'இந்தத் தளத்தைத் தேட நீங்கள் என்ன சொல் போடுவீர்கள்?' இடப்பக்கம் தளத்தின் பெயரும் அதிகாரபூர்வத் தலைப்பும். வலப்பக்கம் காலி. வருகிறவர்கள் எழுத வேண்டும். கம்ப்யூட்டரைத் தொடப் பயந்தவர்கள்கூடப் பேனாவைத் தொட்டார்கள்.

நான் முதலில் சிரித்தேன். "ஏம்மா, ஆளுக்கொரு சொல் எழுதினால் சந்தைக்கடை ஆயிடாதா?" என்று கேட்டேன்.

"சார், அவங்க சந்தையில பேசற சொல்லுலதானே சார் வந்து கேக்கறாங்க" என்றது.

ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினேன். நம் நிலமகள் தளத்துக்கு நேரே தலைப்பு 'நில அளவை மற்றும் நில ஆவணங்கள்'. வலப்பக்கம் பட்டா, பட்டா மாத்த, எங்கப்பா நிலம், பத்திரம். பிறப்பு இறப்புப் பதிவுக்கு நேரே 'சாவு சர்டிபிகேட்'. முன்னாள் பிரெஞ்சு ராணுவத்தினர் பற்றிய பக்கத்துக்கு நேரே நடுங்கிய கையெழுத்தில் 'சொல்தா பென்சியோன்'. அந்த மூன்று சொல் தலைப்பை நம் ஊரில் யார் வாயில் கேட்டிருக்கிறீர்கள்? சொல்தா என்றுதான் தெருவே சொல்லும். அன்று எனக்கு ரெக்கார்டு ரூம் பெரியவர் ஞாபகம் வந்துவிட்டது. நான் உருவிப்போட்ட சீட்டையெல்லாம் இந்தப் பெண் திரும்பச் செருகிக்கொண்டிருந்தது.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஜனங்கள் போடும் சொல்லில் குப்பையும் வரும். டெலிஷியஸில் பலர் ஒட்டிய சீட்டுகளில் ஒன்று 'படிக்கணும்' என்பது. ஒட்டியவருக்கு அது பயன்படும், மற்றவருக்கு என்ன லாபம்? அதோடு அங்கே ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடம் விட்டால் இரண்டு சீட்டாகிவிடும். 'பொது நூலகம்' என்று போட்டால் 'பொது' தனி, 'நூலகம்' தனி. இடைவெளி விடாமல் ஒட்டி எழுத வேண்டும், அல்லது நடுவில் கோடு போட வேண்டும். ஆளுக்கொரு மாதிரி செய்தார்கள். தமிழில் இன்னும் கஷ்டம். நூலகம், நூலகங்கள், நூலகத்தில், லைப்ரரி, பிப்லியோதெக் எல்லாம் வேறு வேறு சீட்டு.

நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி, புதுவை, பாண்டிச்சேரி, பாண்டி. பிரெஞ்சில் பொந்திஷேரி. ஆங்கிலத்தில் 2006 வரை அரசாங்கத்துக்கு ஒரு எழுத்து, அதற்குப் பிறகு வேறு எழுத்து. 1827இல் தொடங்கிய நம் பெரிய நூலகத்தின் பெயரை ரொமேன் ரோலண்டு, ரோமன் ரோலந்து, ரொமன் ரோலான் என்று நம் ஆட்களே எழுதுகிறார்கள். ஆள் பெயர்கள் கேட்கவே வேண்டாம். முத்து என்பதில் வரும் உகரத்துக்குப் பிரெஞ்சில் ஓ, யு என்று இரண்டெழுத்து போடுவார்கள், ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. பாரிஸிலிருந்து கொள்ளுத்தாத்தாவின் கல்யாணப் பதிவைத் தேடும் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தேடிவிட்டு 'பதிவே இல்லை' என்று திரும்பிப் போகிறார்கள். பதிவு இருக்கிறது. ஓ-யு போட்டு இருக்கிறது.

இந்தக் குப்பையைக் கூட்டமே சரிசெய்துகொள்ளும் என்று ஒரு கட்சி உண்டு. கோல்டர், ஹியூபர்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் டெலிஷியஸை ஆராய்ந்து, ஒரு பக்கத்தை ஏறக்குறைய 100 பேர் குறித்துவைத்த பிறகு அதற்கு ஒட்டப்படும் சொற்களின் விகிதம் பெரிதாக மாறுவதில்லை என்று கண்டார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008 ஜனவரியில் தன் பழைய புகைப்படங்களை ஃப்ளிக்கர் தளத்தில் போட்டுப் பொதுஜனங்களைச் சீட்டு ஒட்டச் சொன்னது. அந்த அக்டோபருக்குள் 2,518 கணக்குகளிலிருந்து 67,176 சீட்டுகள். ஆபாசம், வசை என்று நூலகம் நீக்க வேண்டி வந்தவை 25க்கும் குறைவு. சில படங்களில் இடம் எது, ஆள் யார் என்று ஜனங்கள் சொன்னதை நூலகர்கள் சரிபார்த்துத் தங்கள் பதிவேட்டிலேயே திருத்தினார்கள். அங்கே ஒட்டியது புகைப்படத்துக்கு, இங்கே நான் பேசுவது இணைப்புக்கு. ஆனாலும் ஜனங்களை நம்பலாமா என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

ஆனால் 100 பேர் என்பதை நன்றாகக் கவனியுங்கள். நம் தெருமுனை நூலகத்தில் ஒரு தளத்தை 100 பேர் எங்கே குறிக்கப்போகிறார்கள்? நாலு பேர் எழுதினால் அதிகம். அந்த நாலு சொல்லில் ஒன்று பிழையாக இருந்தால் கால்வாசி பிழை. அதனால் பெரிய ஊருக்குச் சொன்ன சமாதானம் நமக்குப் பொருந்தாது. இங்கே ஒரு மனுஷர் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். அந்தப் பெண் அதைச் செய்தது. சனிக்கிழமை மாலை நோட்டை எடுத்து, 'பட்டா'வை விட்டுவைக்கும், 'எங்கப்பா நிலம்' என்பதை அடிக்கும், எழுத்துப்பிழையைத் திருத்தும், மூன்று எழுத்து வழக்கு இருந்தால் மூன்றையும் சேர்த்து ஒரே இடத்துக்கு அனுப்பும். ஒருவர் 'மூணாம் நம்பர் வீட்டுத் தகராறு' என்று எழுதியிருந்தார். அதை அது யாரும் படிக்க முடியாதபடி மையால் மறைத்தது. நான் பார்த்துவிட்டேன் என்பது வேறு விஷயம். தகராறும் எனக்குத் தெரியும்.

2011 தொடக்கத்தில் அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. கடைசி நாள் சாவியையும் ஸ்டாக் ரிஜிஸ்டரையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிற்று. டெலிஷியஸ் கணக்கின் கடவுச்சொல்லை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியவும் தெரியாது. கணக்கு அந்தப் பெண்ணின் மின்னஞ்சலில் இருந்தது. அந்த மின்னஞ்சலும் சீக்கிரமே பயன்பாட்டில் இல்லாமல் போய்விட்டது என்று பின்னால் தெரிந்தது.

இதே நேரத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? டெலிஷியஸை 2005 டிசம்பரில் யாஹூ வாங்கியிருந்தது. 2010 டிசம்பரில், அதை மூடப்போகும் தளங்களின் பட்டியலில் யாஹூ வைத்திருப்பதாகச் செய்தி கசிந்தது. 2011இல் யூடியூபைத் தொடங்கியவர்களுக்கு விற்றார்கள். கைமாறும்போது ஒவ்வொருவரும், 'ஆம், என் இணைப்புகளைப் புது முதலாளியிடம் கொடுங்கள்' என்று சம்மதம் தர வேண்டும். தராதவர்களின் சேமிப்பு புதிய இடத்துக்குப் போகாது. நம் நூலகத்துக்காகச் சம்மதம் தர யார் இருந்தார்கள்? அந்த வருடக் கடைசியில் நான் போய்ப் பார்த்தபோது பக்கம் இல்லை. 400 இணைப்பும் போயிற்று. அந்தத் தளம் அதற்குப் பிறகும் கைமாறிக் கைமாறி, 2017இல் பின்போர்டு என்ற அதன் போட்டித் தளத்துக்காரர் 35,000 டாலருக்கு வாங்கி, புதிதாகச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார். ஒரு காலத்தில் உலகமே சீட்டு ஒட்டிய இடம்.

நீள நோட்டு மட்டும் தப்பித்தது. பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்காகக் கட்டிவைத்திருந்த கட்டில் கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். பாதிப் பக்கங்களில் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. படிக்க முடிந்தவற்றைப் புது நோட்டில் எழுதினேன், 63 இணைப்பு தேறியது. சென்ற மாதம் அக்கா போனபிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 24 திறக்கவில்லை. இது என் நோட்டின் குறையென்று நினைத்திருந்தேன். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்கில், 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்து வருடத்தில் காணாமல் போய்விட்டன.

"தாத்தா, இதெல்லாம் எதுக்கு? கூகுள்ல போட்டா வந்துடும்" என்கிறான் என் பேரன். அக்காவின் பேரனுக்கும் வந்ததே, 1,500 ரூபாய் கேட்டுக்கொண்டு. தேடுபொறி எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். அதில் எது அரசாங்கப் பக்கம், எது இடைத்தரகன் பக்கம் என்று நமக்குத் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே பார்த்துவைத்திருக்கிறார் என்பதுதான் நூலகப் பட்டியலின் மதிப்பு. அந்த மனுஷர் நம் சொல்லிலேயே அதை எழுதியும் வைத்திருந்தால் எண்பது வயதுக்காரரும் யாரையும் கெஞ்சாமல் எடுத்துக்கொள்வார்.

ஆகவே நூலகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு பழைய குமாஸ்தாவின் மனு. பணம் அதிகம் கேட்கவில்லை. மேசைமேல் ஒரு நோட்டு வையுங்கள், நூல் கட்டிய பேனாவோடு. வாசகர் சொல்லைத் தலைப்புக்குப் பதிலாகப் போட வேண்டாம், தலைப்புக்குப் பக்கத்தில் போடுங்கள். வாரம் ஒருமுறை ஒருவர் அதைப் படித்துத் திருத்தட்டும். பட்டியலை நூலகத்தின் சொந்தக் கம்ப்யூட்டரில், ஒரு சாதாரண அட்டவணையாக வையுங்கள். பளபளப்பான வெளித்தளத்திலும் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் மூலம் உங்களிடம் இருக்கட்டும். முக்கியமான பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒருமுறை சேமித்துவிட்டால், பின்னால் தளம் போனாலும் அதன் பிரதியையாவது பார்க்கலாம். அதற்குக் காசு கிடையாது. கணக்கு நூலகத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும், வேலை செய்யும் பிள்ளையின் மின்னஞ்சலில் வேண்டாம். சார்ஜ் ஒப்படைக்கும்போது சாவி, ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று எழுதுகிறோமே, அதன் கீழே இன்னொரு வரி: இணைப்புப் பதிவேடும் கடவுச்சொல்லும். அந்த ஒரு வரி 2011இல் இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது.

இதை ஒரு நூலகத்தில் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தேன். எழுதிக்கொடுங்கள் என்றார்கள். எழுதிக்கொடுத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. நானே இந்த வரியைப் பல நூறு பேருக்குத் தட்டச்சு செய்து அனுப்பியவன். அதற்கு என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் இன்னொரு நூலகத்தில் இப்போது இருக்கும் இளைஞர், "நோட்டைக் கொண்டு வாங்கய்யா, பார்ப்போம்" என்றிருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை போகிறேன். திறக்கும் 39 இணைப்பையும் வெள்ளைத்தாளில் பிரதி எடுத்துவிட்டேன்.

ஒன்றில்தான் இழுபறியாக இருக்கிறது. நம் கடற்கரைப் பழைய இரும்புப் பாலத்தின் படம் உள்ள பக்கம் அது. பிரெஞ்சில் அப்போந்த்மான் என்று தலைப்பு. 1952 புயலில் போனது, காந்தி சிலைப் பக்கம் கடலுக்குள் தூண்கள் மட்டும் நிற்குமே, அதுதான். என் தகப்பனார் அதைப் 'பாலம்' என்பார், வேறு அடைமொழி கிடையாது. எனக்குப் பாலம் என்றால் பிறகு கட்டிய துறைமுகப் பாலம். அதிலும் ஒரு பகுதி 2022இல் இடிந்து விழுந்துவிட்டதால் என் பிள்ளைகள் அதைத்தான் 'பழைய பாலம்' என்கிறார்கள். இப்போது வலப்பக்கத்தில் 'பாலம்' என்று எழுதினால் மூன்று தலைமுறையும் மூன்று இடத்துக்குப் போய் நிற்கும். 'தூண் பாலம்' என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். மையால் எழுதுவதற்கு முன், செவ்வாய்க்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு போய், அவர் வீட்டில் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அந்த இளைஞர் முன்னால் கேட்கப்போகிறேன்.